வருகை நோட்டு

தினமும் முப்பது கையெழுத்து விழாத கிளையை மூடிவிடுவோம் என்று மேலாபீஸிலிருந்து கடிதம் வந்த அன்று, காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த சின்னக் கிளை நூலகத்தின் வருகை நோட்டில் விழுந்தவை ஆறு. கூட்டம் இல்லாமல் இல்லை. சந்தை ஓய்ந்ததும் மூட்டை தூக்குகிறவர்கள் நாற்பது பேர் வந்து தரையில் உட்காருவார்கள். இருக்கிற ஒரே பேப்பரை நூலகர் அமிர்தசாமி உரக்கப் படிப்பார். நோட்டை மட்டும் முழங்கைக்கு அடியில் வைத்துக்கொள்வார். சட்டை போட்டவர்கள் வந்தால்தான் அது வெளியே வரும். வெங்காயச் சருகு ஒட்டிய கைக்கு நோட்டு எதற்கு என்பது அவர் எண்ணம்.

கிளை போனால் வேலையும் போகும். இடது கையால் அவரே கையெழுத்துப் போட ஆரம்பித்தார். சொந்தக்காரர் பெயர்கள் பன்னிரண்டோடு தீர்ந்தன. நவம்பர் மாதம் மாதா கோவிலில் ஜெபத்துக்காக வாசிக்கும் இறந்தவர்கள் பட்டியல் வீட்டில் இருந்தது. அவர்கள் வந்து சண்டை போடப் போவதில்லை என்று அதையும் எடுத்துக்கொண்டார்.

மேலாபீஸ் மகிழ்ந்தது. இவ்வளவு கூட்டத்தில் ஒருவர்கூடப் புத்தகம் வீட்டுக்கு எடுக்கவில்லையா என்று கேட்டது. அமிர்தசாமி கண்ணில் பட்ட புத்தகத்தையெல்லாம் நோட்டில் இருந்த அந்தப் பெயர்களில் எழுதினார். மேலாபீஸ் இன்னும் மகிழ்ந்து, நேரில் பாராட்ட அதிகாரி அற்புதசாமியை அனுப்பியது.

நோட்டைப் புரட்டிய அற்புதசாமியின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"மேலப்புதூர் சூசைமாணிக்கம். இவர் தினமும் வராரா?"

"தவறாம வருவாருங்க. நல்ல படிப்பாளி."

"அவர் எங்க அப்பா. போன வருஷம் அடக்கம் பண்ணோம். நேத்து தையல் புஸ்தகம் எடுத்துட்டுப் போயிருக்காரு."

அந்த வாரமே கிளையை மூட உத்தரவு வந்தது. அமிர்தசாமிக்கு வேலை போயிற்று. நாற்பது பேருக்குப் பேப்பர் போயிற்று. சாமான் பட்டியலுக்குச் சாட்சி வேண்டும் என்றார் அதிகாரி. வாசலில் நின்ற மூட்டை தூக்கும் பிச்சையை அமிர்தசாமி கூப்பிட்டு, கைநாட்டுக்காக மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். தினமும் முன்வரிசையில் உட்கார்ந்து பேப்பர் கேட்டவர் அந்தப் பிச்சை.

பிச்சை துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். மைப்பெட்டியை ஒதுக்கிவிட்டுப் பேனாவை எடுத்து, 'ம. பிச்சை' என்று முத்து முத்தாக எழுதினார்.

அமிர்தசாமி மைப்பெட்டியை மூடினார். "எழுதத் தெரியுமா உனக்கு? இத்தனை நாளும் ஏன்யா சொல்லலை?"

"பேப்பர் ஒண்ணுதானேன்னு நீங்க படிக்கிறதைக் கேட்டுக்கிட்டிருந்தோம் சார். எங்கள்ல முப்பது பேருக்கு மேல கையெழுத்துப் போடுவோம். நீங்கதான் ஒருநாளும் நோட்டை இந்தப் பக்கம் நீட்டலையே."