ராணுவச் சிங்கம் அழைக்கிறது

பரளச்சி பஸ் ஸ்டாப்பில் தன் முகத்தைப் பார்த்ததும் விஜயபாண்டிக்கு ரத்தம் கொதித்தது. ஆளுயர ஃப்ளெக்ஸ். ராணுவ உடுப்பில் அவன். கீழே, 'குடிதண்ணீர் கேட்டு மறியல்! எங்கள் ராணுவச் சிங்கம் அழைக்கிறது!'

லீவில் வந்த சிங்கம் யாரையும் அழைக்கவில்லை.

"ஏலே மருதுபாண்டி! யாரைக் கேட்டுலே வச்ச?"

"ஒன் கல்யாணத்துக்கு அடிச்ச படந்தான் மாப்ள. ஃப்ளெக்ஸ் கடையில அப்படியே கெடந்துச்சு" என்றான் கூட்டாளி.

"பட்டாளத்துக்காரன் மறியலுக்குப் போகக் கூடாதுலே. நிருபர்கிட்ட வாயத் தொறக்கக் கூடாது. என் வேலைக்கே உலை வைக்கிறியா?"

"நாட்டையே காக்குற. ஒன் வீட்டுக்கு ஒரு மாசமாத் தண்ணி வரல. கேக்கக் கூடாதா?"

"கூடாது!"

கத்தியதில் பாதி அந்தச் சட்டத்தின் மேலுள்ள ஆத்திரம். பனிமலையில் காவல் நிற்கிறவனுக்கு ஒரு குடம் தண்ணீர் கேட்க வாயில்லை என்றால், இது என்ன எழவு நியாயம்?

"சரி, மூஞ்சிய மறைச்சுட்டாப் போச்சு" என்று கறுப்பு டேப்போடு ஏறினான் மருதுபாண்டி. வாயை மறைத்ததோடு நிறுத்தினான். "டேப்பு பத்தல மாப்ள. வாங்கிட்டு வாரேன்."

அவன் திரும்புவதற்குள் படம் செல்போன்களில் பறந்தது. 'வாய்ப்பூட்டுக்கு எதிராக ராணுவ வீரர் போர்க்கொடி!'

விஜயபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு தானே ஏறி ஃப்ளெக்ஸைக் கிழித்தெறிந்தான். உச்சி வெயில், ரோட்டில் ஈ காக்கை இல்லை. வினை அதில்தான் வந்தது.

"நம்ம சிங்கத்தைக் கிழிச்ச பய எவன்டா?"

தண்ணீருக்குத் திரளாத ஊர் இதற்குத் திரண்டு நடுரோட்டில் உட்கார்ந்தது. அருப்புக்கோட்டை பஸ் நின்றது. கலைந்து போகச் சொல்ல ஓடிய விஜயபாண்டியின் வாயருகே மைக்கை நீட்டினார் ஒரு நிருபர்.

"உங்க படத்தைக் கிழிச்சவன என்ன செய்யணும்?"

நான்தான் என்றால் ஊரே உதைக்கும். "அவன விட்டுத் தொலைங்கய்யா!" என்று எரிந்து விழுந்தான்.

"அடடா, என்ன பெருந்தன்மை!" என்று ஊர் கைதட்டியது. பேசவே கூடாதவன் நேரலையில் பேசியாகிவிட்டது.

சாயங்காலம் யூனிட்டிலிருந்து சுபேதார் மாரிச்சாமி கூப்பிட்டார். திருச்சுழிப் பக்கத்துக்காரர்; கண்டிப்புக்குப் பேர்போன மேலதிகாரி. வேலை போச்சு என்று விறைத்து நின்றபடி போனை எடுத்தான் விஜயபாண்டி.

"மறியலைப் பாத்தேன். தண்ணி வந்துச்சாலே?"

"இப்பத்தான் கொழாயில வருது சாப்."

மறுமுனையில் குரல் தணிந்தது.

"எங்க ஊர்லயும் வரலலே. ஒரு ஃப்ளெக்ஸ் வைக்கச் சொல்லு. படம் ஒன்னோடதே இருக்கட்டும். எனக்கு பென்சன் முக்கியம்."