எமன் இழுக்கும் தண்டு

எழுபத்தெட்டாம் வருஷம் எமதர்மராஜன் பூலாம்பாடியில் கிளை ஆபீஸ் திறந்தான். ஏஜெண்டு, ஆயுள்பிடிச் சித்தர். பஸ் பிதுங்கப் பிதுங்க ஜனம் வந்து இறங்கியது. தங்கள் சாவுத் தேதியைத் தெரிந்துகொள்ள அப்படியொரு அவசரம்!

முறை ரொம்பச் சுலபம். சித்தர் உங்கள் உள்ளங்கையில் 'அமுதத் தைலம்' தடவுவார். வழவழப்பான பித்தளைத் தண்டைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை அவர் இழுப்பார். தண்டு நழுவினால் ஆயுள் முடிந்தது. காணிக்கை வைத்தால் தாயத்துக் கட்டி, கையில் திருநீற்றை அள்ளிப் பூசி மறுபடி இழுப்பார். இப்போது தண்டு அசையாது. ஆயுள் கெட்டி. லாரியில் மூட்டை ஏற்றும் அங்கமுத்துவுக்கே கார்த்திகை தாண்டாது என்று வந்துவிட்டது. மனுஷன் வேலைக்குப் போகாமல் பாயில் படுத்துச் சாவதற்குப் பழகிக்கொண்டிருந்தான்.

காத்தாயி ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள். அவள் கையில் தண்டு நிற்கவே இல்லை. தை பிறப்பதற்குள் போய்விடுவாள் என்ற சித்தர், காணிக்கையாகக் கறவை மாட்டைக் கேட்டார். புருஷன் இல்லாத வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சோறு போட்டது அந்த மாடுதான். மறுநாள் அதை ஓட்டிக்கொண்டு அழுத கண்ணோடு வந்து நின்றாள். கூடவே தங்கை உண்ணாமலை.

"சாமி, மாட்டக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு," என்றாள் உண்ணாமலை. "தாயத்து வேணாம். திருநீற மட்டும் பூசி எங்கக்காவப் புடிக்கச் சொல்லுங்க."

"தெய்வ குத்தம் ஆயிரும்மா."

"அப்ப நீங்க புடிங்க. தாயத்துதான் கழுத்து நெறைய கெடக்கே."

தைலத்தை எடுத்து அவர் இரண்டு கையிலும் கவிழ்த்தாள். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்ததால் மறுக்க வழியில்லை. சித்தர் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். அவள் ஒரே இழுப்பு. தண்டு அவளோடு வந்துவிட்டது. சித்தர் மல்லாந்தார்.

"சாமிக்கு வர்ற வெள்ளிக்கெழமையே தாண்டாது போலருக்கே."

தாயத்து வாங்க வந்திருந்த அங்கமுத்து கையை வேட்டியில் அழுந்தத் துடைத்துத் திருநீறு பூசிக்கொண்டு பிடித்தான். நாலு பேர் இழுத்தும் தண்டு அசையவில்லை. அப்புறம் சித்தரின் ஆயுளைக் கூட்டமே முடித்திருக்கும். போலீஸ் வந்து காப்பாற்றியது.

"அப்ப என் கை மட்டும் ஏன்டி இப்புடி சோந்து கெடக்கு?" என்றாள் காத்தாயி.

"ஒரு மாசம் கஞ்சித்தண்ணி குடிச்ச ஒடம்பு, அக்கா. கை சோந்தா அதத்தான் சொல்லுது, ஆயுள இல்ல. நாளைக்கு பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போவோம். மாட்டுப்பால விக்காம கொஞ்ச நாளு நீ குடி."

அமுதத் தைலம் என்பது விளக்கெண்ணெய். தெருவே நாறியது. கையை நீட்டிய அத்தனை பேருக்கும் மூக்கு இருந்தது; ஒருவர்கூட முகர்ந்து பார்க்கவில்லை. இனியாவது கையை நீட்டுமுன் கொஞ்சம் யோசியுங்கள், மகாஜனங்களே. யோசிப்பதற்குக் காணிக்கை கேட்கிறவன் இன்னும் பிறக்கவில்லை.