மாப்பிள்ளை மோதிரத்துக்கு நான் எழுதிய அளவு

ஒரு வேலையை முப்பது வருஷம் செய்தவரை நம்பலாம். ஒன்றுமே தெரியாதவரையும் நம்பலாம், கேட்டுக்கொண்டு செய்வார். மூன்று வாரம் ஆராய்ச்சி செய்தவரிடம் மட்டும் எதையும் ஒப்படைக்கக் கூடாது. நான் அப்படி ஒருவனாக இருந்தேன்.

பத்திரிகையின் ஞாயிறு இணைப்புக்காகத் தங்க நகை வார்ப்பைப் பற்றி எழுதப் போனேன். தி.நகரில் ஒரு மாடியறைதான் யூசுப் பாயின் பட்டறை. மெழுகில் மோதிரம் செய்வார். அதைச் சுற்றி பிளாஸ்டர் மாவுக் குழம்பு ஊற்றி, இறுகியதும் உலையில் வைப்பார். மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுப்போன இடத்தில் தங்கத்தை ஊற்றுவார். தங்கம் ஆறும்போது சற்றே சுருங்கும். இந்தக் கடைசி வரியைப் படித்த நாளிலிருந்து நான் விஞ்ஞானி.

தங்கை வித்யாவின் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை மோதிரம் என் பொறுப்பு. அவர் விரலுக்கு இருபதாம் நம்பர். சுருங்குமே என்று பாயின் ஆர்டர் சீட்டில் என் கையாலேயே இருபத்துநாலு என்று எழுதினேன். (சுருக்கத்துக்கு இரண்டு, பத்திரத்துக்கு இரண்டு.)

"இன்னா சார், பெர்சா கீதே? மாப்ள பயில்வானா?"

"எல்லாம் யோசிச்சுத்தான் பாய் எழுதியிருக்கேன்."

சுருங்குவதற்கு மெழுகிலேயே இடம் விடுவது பாயின் அன்றாட வேலை. மூன்று வாரத்தில் அதை மட்டும் நான் கேட்கவில்லை.

மயிலாப்பூர் மண்டபத்தில் வித்யா மோதிரம் போட்டாள். பெரியவர்களைக் கும்பிட மாப்பிள்ளை கை குவித்துக் குனிந்தார். மோதிரம் சந்தனக் கிண்ணத்துக்குள் போனது.

"நிச்சயத்தன்னிக்கே கழண்டுக்குதே, இது நல்லதுக்கா?" என்றார் மாப்பிள்ளையின் அத்தை. மாப்பிள்ளையின் அம்மா எழுந்தே விட்டார். வித்யாவுக்குக் கண் நிறைந்தது.

"பாய் அளவைத் தப்பாப் போட்டுட்டார்" என்றேன்.

அப்பா அங்கேயே பாய்க்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினார். "வேலை தெரியாதவனுக்கு எதுக்குய்யா பட்டறை?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "தப்புதான் சார். எட்த்துனு வாங்க, சரி பண்ணித் தர்றேன்."

சம்பந்தியம்மாள் உட்கார்ந்தார். நிச்சயம் நடந்தது.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். என் கையெழுத்திலுள்ள சீட்டு பாயின் மேஜைமேல் இருந்தது.

"ஏன் பாய் சொல்லல?"

"சம்பந்தி வூட்டாருங்க எதுர்ல உங்கள எப்டி சார் வுட்டுக் குட்க்கிறது?"

மோதிரத்தைக் குறைத்துக் கொடுத்தார். என் கட்டுரையும் வந்தது, பிழையில்லாமல்.

இன்றும் எங்கள் வீட்டில் சட்டையோ செருப்போ தொளதொளவென்று இருந்தால் 'பாய் அளவு' என்பார்கள். வித்யாவின் மகளும் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். ஓர் எழுத்து பிசகினாலும் மறுநாளே திருத்தம் போடுகிற தொழில் என்னுடையது. இதுதான் அந்தத் திருத்தம். வீட்டில் யாரும் நான் எழுதுவதைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் இங்கே போடுகிறேன்.