எழுநூற்றைம்பது வாட்

"இஸ்திரிப் பெட்டியை யாரு போட்டது?"

ஹால் சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தபடி ஹனீஃபா கேட்டார்.

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஜெய்னப் தலையை மட்டும் நீட்டினாள். "வீட்ல இருக்கிறது நாம ரெண்டு பேரு. நீங்க அங்க நிக்கிறீங்க. நான் இங்க நிக்கிறேன்."

"எழுநூத்தம்பது வாட் காட்டுதே."

"காட்டட்டும்."

"எழுநூத்தம்பதுன்னா இஸ்திரிப் பெட்டிதான், ஜெய்னப். அத விட்டா வேற எதுவும் இந்த வீட்ல அவ்வளவு இழுக்காது."

இஸ்திரிப் பெட்டி படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில், வயரைச் சுற்றி வைத்தபடியே இருந்தது. ஹனீஃபா அதன் அடியைத் தொட்டுப் பார்த்தார். மே மாதத்துச் செம்பாக்கத்தில் சில்லென்று இருந்த ஒரே பொருள் அதுதான்.

அவர் ஹாலுக்குத் திரும்பி வந்தபோதும் சுவர்ப் பெட்டி எழுநூற்றைம்பதிலேயே நின்றது. பத்து நிமிடம் கழித்து, யாரோ துணியை மடித்து வைத்துவிட்டு சுவிட்சை அணைத்ததுபோல, எண் சட்டென்று இறங்கியது.

ஹனீஃபா மேற்குத் தாம்பரத்தில் ஃபிரிட்ஜ், ஏ.சி. ரிப்பேர் கடை வைத்திருந்தார். அதற்கு முன் சவூதியின் தம்மாமில் ஏழு வருஷம் ஏ.சி. மாட்டித்தான் இந்த வீட்டைக் கட்டினார். மனுஷன் பொய் சொல்வான், மெஷின் சொல்லாது என்பது அவர் கொள்கை. அதனால்தான் காலனி சங்கச் செயலாளர் தோத்தாத்ரி அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

"ஸ்மார்ட் மீட்டராம் பாய். எந்த நிமிஷம் எவ்வளவு கரண்ட் போறதுன்னு வீட்டுக்குள்ளேயே காட்டுமாம். நீங்க மாட்டிப் பார்த்து நல்லாருக்குன்னு சொல்லிட்டேள்னா காலனியே கையெழுத்துப் போட்டுடும். டெக்னிகல் மனுஷன் நீங்க."

டெக்னிகல் மனுஷன் என்ற சொல்லில் ஹனீஃபா விழுந்துவிட்டார். புதன்கிழமை அவர் கடையில் இருந்தபோது கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து இந்தப் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருந்தாள். ரெண்டு வாரம் பாருங்கள், பிறகு முடிவு சொல்லுங்கள் என்றாளாம். வயர் எங்கே என்று ஜெய்னப் கேட்டதற்கு, வயரே வேண்டாம், எல்லாம் காற்றிலேயே வரும் என்றாளாம்.

அன்று மாலை விளக்குப் போட்டதும் எண் ஏறியது. ஹனீஃபா திருப்தியாகத் தலையாட்டினார். இது நடந்தது புதன்கிழமை. இன்று வெள்ளி.

அந்த வெள்ளியிலிருந்தே ஒரு நாற்பது பக்க நோட்டில் குறிக்க ஆரம்பித்தார். கடையை ஆளிடம் விட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்தார். பதினொன்றே காலுக்கு இஸ்திரி. பன்னிரண்டுக்கு ஐந்நூறு, விட்டுவிட்டு மூன்று தடவை. அது மிக்ஸி. ஒரு மணிக்குத் தொண்ணூறு, டி.வி. நாலரைக்கு ஆயிரத்தைந்நூறு.

"நாலரைக்கு என்னது?" என்றாள் ஜெய்னப்.

"கரண்ட்ல தண்ணி சுட வைக்கிற கெட்டில். டீ போடுறதுக்கு."

"நம்மகிட்ட கெட்டிலே இல்லியே."

"நம்மகிட்ட இல்ல."

ஜெய்னப் சுவரில் இருந்த பெட்டியை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப வசதியான ஆளுதான்" என்றாள்.

சனிக்கிழமை வீட்டிலிருந்த எல்லா பிளக்கையும் பிடுங்கினார். ஃபிரிட்ஜைக்கூட விடவில்லை. பதினொன்றே காலுக்கு இஸ்திரி நடந்தது. பால் திரிந்துபோனதுதான் மிச்சம்.

ஞாயிறன்று மெயினையே அணைத்தார். ஃபேன் நின்றது. வீடு அடுப்பாகக் கொதித்தது. பேட்டரியில் ஓடிய பெட்டி மட்டும் கண் சிமிட்டாமல் தொண்ணூறு காட்டியது. ஹாலின் மூலையில் அவர்களுடைய டி.வி. கறுப்பாக இருந்தது. அதில் அவர்கள் இருவரின் உருவமும் தெரிந்தது. ஜெய்னப் மெல்ல எழுந்து அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

"என்ன பாக்குதுங்க அது?" என்று கிசுகிசுத்தாள்.

"எனக்கென்ன தெரியும்?"

"சீரியல் நேரம் இது."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

"அப்ப படம்" என்றாள். சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் தோத்தாத்ரி வாசலில் நின்று, "என்ன பாய், மீட்டர் எப்படி?" என்றார்.

"நல்லா வேலை செய்யுது" என்றார் ஹனீஃபா. டெக்னிகல் மனுஷன் வேறு என்ன சொல்வது?

இரவெல்லாம் யோசித்ததில் அவருக்கு ஒரே ஒரு அறிவுபூர்வமான காரணம் தோன்றியது. யாரோ நடுவழியில் கரண்டைத் திருடுகிறார்கள். மொட்டை மாடியில் ஏறித் தேடினார். ஆன்டெனா வயரைத் தவிர ஒன்றுமில்லை. தெருவோர மீட்டர் பலகை சீல் வைத்தது, தொட்டால் வம்பு. மிச்சம் இருந்தது, வீட்டுச் சாவி வைத்திருந்த ஒரே ஆள். ஒன்பது வருஷமாக வீட்டு வேலை செய்யும் எல்லம்மா. ஏரிக்கரைப் பக்கம்தான் குடியிருந்தாள்.

திங்களன்று அவள் பாத்திரம் துலக்கும்போது ஹனீஃபா தொண்டையைச் செருமினார். "எல்லம்மா, தப்பா எடுத்துக்காத. நம்ம வீட்லேந்து உன் வீட்டுப் பக்கம் ஒயர் ஏதாச்சும் போகுதா?"

எல்லம்மா கையைக் கழுவினாள். நிதானமாகப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா சார் கேட்ட? ஒயரா? என் வூட்ல கீறது ஒரு பல்பு, ஒரு ஃபேனு. அந்த ஃபேனுக்கும் மூணு றெக்கைல ரெண்டுதான் கீது. உன் கரண்ட இஸ்துகினு போய் நான் இன்னா, மில்லா ஓட்றேன்?"

"அது இல்ல எல்லம்மா, தினம் பதினொண்ணே காலுக்கு யாரோ இஸ்திரி..."

"இஸ்திரி போட்ட சேலை கட்டிக்கினு என்னிக்காச்சும் உன் வூட்டு வாசப்படி ஏறிக்கிறனா நானு? நீ சொல்லும்மா!"

ஜெய்னப் தரையைப் பார்த்தாள். எல்லம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேடைமேல் வைத்தாள். போகும்போது கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். அதுதான் ஜெய்னப்புக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே பெட்டி புதிதாக ஒன்றைக் காட்டியது. நானூறு, பிறகு ஐம்பது, மறுபடி நானூறு. சுற்றி நின்று, திரும்பச் சுற்றுவதுபோல நாற்பது நிமிடம்.

"வாஷிங் மெஷின்" என்றார் ஹனீஃபா.

ஜெய்னப் வாளியில் ஊறிக்கொண்டிருந்த துணியைப் பார்த்தாள். "எல்லம்மா போயிட்டான்னு அதுக்கும் தெரிஞ்சிடுச்சு. அதுவே துவைச்சுக்குது."

வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஹனீஃபா பள்ளிவாசலிலிருந்து யாசீன் ஹஜ்ரத்தை அழைத்துவந்தார். ஹஜ்ரத் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பெட்டியைப் பார்த்தார்.

"ஓதினா வீட்டுக்கு பரக்கத் உண்டு, ஹனீஃபா. மீட்டருக்குன்னு தனியா ஓதுறதை நான் எந்தக் கிதாபுலயும் பார்க்கலை."

"வீட்டுக்கே ஓதுங்க ஹஜ்ரத்."

அவர் உட்கார்ந்து ஓதினார். அந்த நேரம் முழுக்கப் பெட்டி பூஜ்யத்தில் நின்றது. ஹனீஃபாவின் கண் கலங்கிவிட்டது. ஒன்பது நாளில் முதல் தடவையாக அவர் முதுகை நாற்காலியில் சாய்த்தார். ஹஜ்ரத் துஆவை முடித்து முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார். பெட்டி ஆயிரத்தைந்நூறுக்குத் தாவியது.

"இது என்ன?" என்றார் ஹஜ்ரத்.

ஜெய்னப்தான் பதில் சொன்னாள். "டீ போடுது ஹஜ்ரத்."

ஹஜ்ரத் அவசரமாகச் செருப்பைத் தேடினார். "எனக்கு வேணாம்மா. இப்பத்தான் குடிச்சேன்" என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு அவர்கள் அதோடு இருக்கப் பழகிக்கொண்டார்கள். வேறு வழி? இவர்களுடைய ஃபேனையோ ஃபிரிட்ஜையோ பெட்டி கண்டுகொள்ளவே இல்லை, அதனுடையதை மட்டும்தான் காட்டியது. ஜெய்னப் வெளியே போய்விட்டு வந்து கதவைத் திறக்கும்போது சத்தமாக ஸலாம் சொன்னாள். ஒரு மணிக்கு அது டி.வி. பார்க்கும் நேரத்தில் ஹாலில் பெருக்குவதை நிறுத்தினாள். பதினொன்றே காலுக்கு எண் ஏறியதும், "வந்துட்டாங்க" என்பாள். எப்போதிலிருந்து 'அது' 'அவங்க' ஆனது என்று ஹனீஃபாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் இஸ்திரி நடக்கவில்லை. மிக்ஸி இல்லை. கெட்டில் இல்லை. காலையிலிருந்து இரவு வரை நாற்பது மட்டும். ஒரே ஒரு பல்பு.

"உடம்புக்கு முடியலையோ?" என்றாள் ஜெய்னப்.

"யாருக்கு?" என்று ஹனீஃபா அதட்டினார். ஆனால் சாப்பிடும்போது இரண்டு தடவை எழுந்துபோய்ப் பார்த்தார். நாற்பதுதான்.

மறுநாளும் நாற்பது. விளக்கை அணைக்க எழுந்துவர யாரும் இல்லாததுபோல.

பதினான்காம் நாள் காலையில் பூஜ்யம். அன்று மாலைவரை பூஜ்யம்.

இத்தனை நாளாக எது போகவேண்டும் என்று தவித்தார்களோ அது போய்விட்டது. ஆனால் வீட்டுக்குள் நிற்கமுடியவில்லை. ஜெய்னப் அலமாரியைத் திறந்து துணிகளைப் பையில் வைத்தாள்.

"எங்க போற?"

"வண்டலூர்ல தங்கச்சி வீட்டுக்கு. ஒரு உயிர் போன வீட்ல என்னால இருக்க முடியாதுங்க."

"உயிர்னு யாரு சொன்னது?"

"நீங்கதான நோட்டுல எழுதி வச்சிருக்கீங்க. சாப்பிட்டது, துவைச்சது, படுத்தது, எல்லாம்."

ஹனீஃபா நோட்டைப் பார்த்தார். அவர் கையெழுத்துதான். கடைசிப் பக்கத்தில் ஒன்றுமில்லை. ஏழு வருஷம் பாலைவனத்தில் வெந்து கட்டிய வீடு. "வித்துடலாமா?" என்றார். ஜெய்னப் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் காலை, பை கதவருகே இருக்க, ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது அழைப்புமணி அடித்தது. வாசலில் ஒரு பெண். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் லேப்டாப் பை, நெற்றியெல்லாம் வியர்வை.

"குட் மார்னிங் சார். ஐ ஆம் பியூலா. ரெண்டு வாரம் முன்னாடி வந்திருந்தேன். சார், ரியலி சாரி. உங்க வீட்டுக்கு மீட்டர் மாட்ட எங்க டீம் இன்னும் வரவே இல்லைன்னு நேத்துதான் தெரிஞ்சது."

"மீட்டர்தான் மாட்டியாச்சேம்மா" என்று ஹனீஃபா சுவரைக் காட்டினார்.

"அது டிஸ்பிளே மட்டும்தான் சார். மீட்டரோட கனெக்ட் ஆனாத்தான் உங்க வீட்டுக் கணக்கு வரும். அதுவரைக்கும் எப்படித் தெரியும்னு காட்டுறதுக்காக டெமோ ஓடும். வேற ஒரு வீட்ல ரெக்கார்ட் பண்ண ரெண்டு வார டேட்டா. அது நேத்தோட முடிஞ்சிருக்கும். இப்ப ஜீரோ காட்டுதா?"

ஹனீஃபா பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து நாற்காலியில் விழுந்தார். ஜெய்னப் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பியூலா ஒன்றும் புரியாமல் தானும் சிரித்துவைத்தாள்.

"டெமோவாம், ஜெய்னப்! ஹஜ்ரத்துக்கு டீ போட்டுக் குடுத்துச்சே, அது டெமோவாம்!"

"நான் போய் எல்லம்மா கால்ல விழறேன்" என்று ஜெய்னப் செருப்பை மாட்டினாள்.

"இரு, நானும் வர்றேன். தப்பு என்னுது." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். "ஃபாரத்தைக் குடும்மா. கையெழுத்துப் போடுறேன். காலனியே போடும். மெஷின் பொய் சொல்லலை, பாரு."

கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடியபடி, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். "அது யார் வீட்டுக் கணக்கும்மா? ஆளு கரெக்டா பதினொண்ணே காலுக்கு இஸ்திரி போடுறாரே."

பியூலா படிவத்தைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"ஆள் இருக்கிற வீட்ல வச்சா பிரைவசி பிராப்ளம் வரும் சார்; அதான் பெருங்களத்தூர்ல மூணு வருஷமா பூட்டியே கிடக்கிற ஒரு வீட்ல வச்சு எடுத்தோம்."