ஊதாக் கோழிக்கு அடை வைத்தவன்

அந்தக் கோழிக்கு முதன்முதலில் பேர் வைத்த ஆளே! உன்னைத்தான் கேட்கிறேன். நீ யாரோ, எந்த ஊரோ, இருக்கிறாயோ போய்விட்டாயோ, எனக்குத் தெரியாது. ஆனால் என் வீட்டில் கொள்ளி வைத்தவன் நீதான். கண் இருந்ததா உனக்கு? இருந்த கண்ணைத் திறந்து பார்த்தாயா? நிறத்தைப் பார்த்து ஒழுங்காக ஒரு பேர் வைக்கத் தெரியாதவன் எதற்கு அந்த வேலைக்கு வந்தாய்?

படிக்கிறவர்களே, நீங்களே கேட்டு நியாயம் சொல்லுங்கள்.

என் பேர் தசரதன். குமணன்சாவடியில் கடை. இடிக்கிற வீடுகளிலிருந்து பழைய கதவு, ஜன்னல், நிலை எல்லாம் வாங்கி விற்கிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான் அதை விடவில்லை. அதை இடிக்கும்போது போய் எட்டு ஜன்னல் கழற்றிக்கொண்டு வந்தேன். பேரத்தில் என்னை ஜெயித்தவன் பூந்தமல்லி ரோட்டில் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. ரோட்டில் என்றுதான் சொன்னேன். வீட்டில் என்று சொல்லவில்லை.

வீடு மாங்காட்டில். பின்பக்கம் அரை கிரவுண்டு இடம் சும்மா கிடக்கிறது. சும்மா என்றால், விலை போகாத நாற்பது கதவுகள் அடுக்கியிருக்கும். என் சம்சாரம் வரலட்சுமி எட்டு வருஷமாக அந்த இடத்தைக் கேட்கிறாள்.

"எதுக்குடி?"

"அத இன்னும் முடிவு பண்ணல. மொதல்ல குடு."

இப்படிக் கேட்டால் எவன் கொடுப்பான்? நான் கொடுக்கவில்லை.

போன ஐப்பசியில் ராகவன் என்று ஒருவர் கடைக்கு வந்தார். கோயமுத்தூர்க்காரர், ஐ.டி. கம்பெனியில் வேலை. குத்தம்பாக்கத்தில் ஒரு துண்டு இடம் எடுத்து, கோழிக் கூண்டு கட்டப் பழைய ஜன்னல் தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன கோழி சார்?"

"லாவெண்டர் ஆர்பிங்டனுங்க. ரொம்ப அபூர்வமான கலருங்க. தமிழ்நாட்டுலயே ரொம்பக் கொஞ்சம் பேருகிட்டதான் இருக்குங்க. பொள்ளாச்சியில அண்ணன் தோட்டத்துல வளர்க்கறாருங்க. இப்பத்தான் முட்டை வந்துச்சு, இதோ கூடையில இருக்குங்க."

லாவெண்டர்! எனக்குத் தெரியாத லாவெண்டரா? என் கடை ஷட்டருக்கு அடித்த பெயின்ட் டப்பாவிலேயே அந்தப் பேர்தான் போட்டிருந்தது. கத்திரிப்பூ நிறம். ஊதா! ஊதா நிறத்தில் ஒரு கோழி! எனக்கு மார்பு படபடவென்று அடித்துக்கொண்டது. முகத்தில் காட்டவில்லை. அவர் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். பார்த்தேன். கொழுகொழுவென்று ஒரு கோழி, நாவல்பழச் சாற்றில் முக்கி எடுத்த மாதிரி நின்றது. என் போன் ஒருமுறை நிலைக்கதவுக்கு அடியில் மாட்டியதிலிருந்து திரை கொஞ்சம் ஒருமாதிரிதான். மாற்றிக் கொடுக்கக் கடைக்காரன் சொன்ன விலைக்கு நான் படியவில்லை. மூன்று மாதமாகப் பேரம் நடக்கிறது. ஆனாலும் கோழி நன்றாகத் தெரிந்தது.

பிடித்த பொருளைத் திட்டித்தான் வாங்க வேண்டும். அது என் தொழிலில் அரிச்சுவடி.

"இன்னா சார் முட்டை இது? மேல டீயைக் கொட்டிட்டியா?"

"பிரவுன் முட்டைங்க, அப்படித்தான் இருக்கும்."

"ஓடு வேற சொரசொரன்னு கீது. பொரியுமான்னே சந்தேகம். பாவம், தெரிஞ்ச ஆளாப் போயிட்ட, எடுத்துக்கறேன்."

பத்து முட்டை விலைக்குப் பதிமூன்று வாங்கினேன். ஜன்னலில் ஒரு பைசா குறைக்கவில்லை. மனிதர் வேர்த்துப்போய்த்தான் படி இறங்கினார்.

வீட்டுக்குப் போனதும் முட்டைக் கூடையைக் கூடத்தின் நடுவில் வைத்தேன்.

"இன்னாயா இது?" என்றாள் வரலட்சுமி.

"முட்டை."

"அது தெர்து. ஃப்ரிஜ்ல கீற முட்டை பத்தாதா?"

"துன்றதுக்கு இல்லடி. அடை வெக்கறதுக்கு."

ஜன்னலுக்கு வெளியே மதில் மேல் ஒரு தலை முளைத்தது. அடுத்த வீட்டு வேம்புலி. தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். லாரியில் இல்லாத நேரமெல்லாம் எங்கள் மதிலில்தான் இருப்பான்.

"அடையா அண்ணாத்தே? தொட்டுக்க அவியலா, வெல்லமா?"

"டேய், கோழி அடைடா!"

"கோழி போட்டு அடையா! புதுசா கீதே!"

அவனுக்கு விளக்கிச் சொல்வதற்குள் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. அந்தச் சூட்டிலேயே, ராகவன் கோழி பேர் போட்டு அனுப்பிய படத்தை அப்படியே வரலட்சுமி போனுக்கும் அனுப்பினேன். அவள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுவா வரப் போவுது?"

"இதேதான்!"

"இதே கலர்லயா?"

"அச்சு அசல் இதே கலர்ல! ஊதா! மெட்ராசையே திரும்பிப் பாக்க வெக்கறேன் பாரு!"

"ஊதாவா வரலேன்னா?"

"வரலேன்னா அந்தப் பின்பக்க இடத்தை நீயே எடுத்துக்கோடி! வந்துதுன்னா இனிமே அதைப் பத்தி நீ வாயே தொறக்கக் கூடாது."

"சரி. வேம்புலி, கேட்டுக்கினியா?"

"கேட்டுக்கினேன் அண்ணி" என்றது மதில்.

அடுத்தது கோழி. முட்டை இருந்தால் போதுமா, உட்கார ஆள் வேண்டாமா? வேம்புலியிடம் ஓர் அடைக்கோழி இருந்தது. உட்காரும் வெறியில் செங்கல் மேல்கூட உட்கார்ந்துகொண்டிருந்தது. இருபத்தோரு நாளைக்கு வாடகை பேசினோம்: ஒரு பாத்ரூம் கதவு. கூடையைப் பின்பக்கம் வைத்து, கோழியை அதன் மேல் விட்டேன். பதிமூன்று முட்டையையும் இறக்கைக்குள் இழுத்துக்கொண்டு என்னை ஒரு முறை முறைத்தது. அப்படி என்னை முறைக்கிறவர்கள் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் உண்டு.

அதோடு என் நிம்மதி போயிற்று.

குமணன்சாவடி டீக்கடையில் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஊதாக் கோழி வருகிறது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். கதவு வாங்க வருகிறவனெல்லாம் "இன்னா, பொரிச்சுதா?" என்று கேட்டான். என் மானம் முழுக்கப் பதிமூன்று ஓட்டுக்குள் கிடந்தது. கோழி இருமினால் எனக்கு ஜுரம் வந்தது.

ஐந்தாம் நாள் இடி இடித்தது. இடிக்கு முட்டை கலங்கிப்போகும், பக்கத்தில் இரும்புத் துண்டு வை என்றான் வேம்புலி. என்னிடம் இல்லாத இரும்பா? கீல் ஒரு கூடை, தாழ்ப்பாள் ஒரு கூடை, மேலே சாய்த்து ஒரு கிரில். வரலட்சுமி வந்து பார்த்தாள்.

"இன்னாயா, கோழிய ஜெயில்ல போட்டுட்ட?"

எட்டாம் நாள் முட்டைக்குள் உயிர் இருக்கிறதா என்று பார்க்க நினைத்தேன். இருட்டு வேண்டும். பட்டப்பகலில் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, டார்ச்சை அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் முட்டையில் சிலந்தி மாதிரி சிவப்பு நரம்பு ஓடியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"யோவ்! முட்டையோட உள்ள இன்னா பண்ற? ஒரு மணி நேரமா?"

"எண்ணிக்கினு கீறேன்!"

"பதிமூணை எண்ண ஒரு மணி நேரமா? இத்தினி நாளா எப்படிய்யா கடை நடத்தின?"

பதினான்காம் நாள் மேயப் போன கோழி திரும்பவில்லை. பத்து நிமிஷம். இருபது நிமிஷம். மழைக்காற்று வேறு சில்லென்று அடித்தது. முட்டையைத் தொட்டேன், சூடு இறங்கிக்கொண்டிருந்தது. வரலட்சுமியின் சால்வையை எடுத்துக் கூடை மேல் போர்த்தி, கூடையைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டேன்.

"இன்னாயா, கோழி எங்க?"

"மேயப் போயிருக்கு."

"நீ?"

"டூட்டி மாத்தி வுட்டிருக்கேன்."

அவள் உள்ளே போனாள். உள்ளே போய் ரொம்ப நேரம் இருமினாள். சிரிப்பை அடக்கினால் அப்படித்தான் இருமல் வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. கடைசியில் கோழியே திரும்பி வந்து கொத்தி என்னை எழுப்பியது.

இருபத்தோராம் நாள் காலையில் ஓடு விரிசல் விட்டது. கீச் கீச் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. நான் கிரில்லைத் தூக்கி எறிந்துவிட்டு மண்டியிட்டேன். ஒன்பது குஞ்சுகள். ஒன்பதும் உயிரோடு. ஒன்பதும்...

சாம்பல்.

அடுப்புச் சாம்பலைப் பாலில் குழைத்துப் பூசிய மாதிரி ஒரு நிறம். தண்ணீர் தெளித்துத் துடைத்துப் பார்த்தேன். காய்ந்தால் ஊதா ஆகும் என்று வெயிலில் காட்டினேன். சாம்பல்தான். மதிலில் வேம்புலி தலை. வாசலில் வரலட்சுமி.

"ஏமாத்திட்டான்டி! அந்தக் கோயமுத்தூரான் என்னை ஏமாத்திட்டான்!"

"போனா போவுதுங்க. வுடுங்க" என்றாள் அவள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கு "யோவ்"தான். அன்று "ங்க" வந்தது. அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"அப்ப இடம் எனக்குத்தானுங்களே?"

"உனக்குத்தான்! தசரதன் வாக்கு மாற மாட்டான்!"

"அப்ப காலி பண்ணிக் குடுங்க. இந்தச் சாம்ப குஞ்சுங்களையும் தூக்கிக்கினு போயிடுங்க. ஐய, பாக்கவே ஒரு மாதிரி கீது. சீக்கு கீக்கு வந்தா யார் பாக்கறது?"

என்னதான் மனம் உடைந்தாலும் வியாபாரி ரத்தம் சும்மா இருக்குமா? சரக்கைத் தலையில் கட்ட ஓர் ஆள் எதிரில் நிற்கும்போது?

"அது எப்படி? எடத்த மட்டும் எடுப்பியா? எடத்துல கீறதையும் சேத்துத்தான் எடுக்கணும்!"

"எனக்கு வாணாங்க."

"வாணாம்னு சொல்ல முடியாது!"

"தீனிக்கு எங்கங்க போவேன்?"

"ஆறு மாசத் தீனி நான் வாங்கிப் போடறேன்."

"கூண்டு?"

"நாப்பது கதவு கீதே. அதுல கட்டிக்க."

"நான் எங்கங்க கட்டுவேன்?"

"நானே கட்டித் தரேன்!"

"கூண்டு கழுவணுமே. எனக்கு இடுப்பு வலி வேற."

"தினம் நானே கழுவறேன்டி! எடுத்துக்கறியா இல்லியா? ஒரே பேச்சு!"

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். ஒன்பது பெண்களைக் கட்டிக்கொடுக்க வேண்டியவள் விடுகிற பெருமூச்சு.

"சரி, உங்களுக்காக எடுத்துக்கறேன். நாளைக்குத் திருப்பிக் கேக்கக் கூடாது."

"கேட்டா என் பேர் தசரதன் இல்ல!"

"கேட்டுக்கினேன் அண்ணி" என்றது மதில்.

தோற்ற இடத்திலும் சரக்கைத் தள்ளிவிட்ட திருப்தியில் அன்று மத்தியானம் இரண்டு கரண்டி சோறு அதிகமாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ராகவனை அவர் வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டே வந்துவிட்டேன். வழியெல்லாம் கத்தினேன். குமணன்சாவடி சிக்னலில் போலீஸ்காரரே வண்டியை நிறுத்தி என்னவென்று கேட்டார். பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"பாரு சார்! நல்லாப் பாரு! இதுவா லாவெண்டர்?"

மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு குஞ்சைக் கையில் எடுத்தார்.

"ஒன்பதுங்களா! ஒன்பதும் சுத்த லாவெண்டருங்க! என்னோடது மெஷின்ல வெச்சேன். கரண்ட் போய் ஒண்ணுகூடப் பொரியலைங்க. ரெண்டு ஜோடி எனக்குக் குடுங்க சார். என்ன விலை சொன்னாலும் தர்றேனுங்க."

"இது சாம்பல்யா!"

"கோழியில லாவெண்டர்னா இந்தக் கலர்தானுங்க. ஊதாவுல ஏதுங்க கோழி?"

"அப்ப நீ அனுப்பின படம்?"

அவர் தன் போனைக் காட்டினார். அதில் சாம்பல் கோழி. நான் என் போனைக் காட்டினேன். அதில் ஊதாக் கோழி. வேம்புலி மதிலைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என் போனில் தன்னையே ஒரு படம் எடுத்துப் பார்த்தான்.

"அண்ணாத்தே, இதுல நானும் ஊதாவாத்தான் கீறேன்."

நான் மெதுவாகத் திரும்பினேன். வரலட்சுமி புடவைத் தலைப்பில் கை துடைத்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"நீதானய்யா படம் அனுப்பின? என் போன்ல சாம்பலாத்தான் வந்துது. கோழி பேர நெட்ல அடிச்சுப் பாத்தேன். விலையும் போட்டிருந்துது."

"அப்பவே ஏன்டி சொல்லல?"

"வெள்ளை பெயின்ட் அடிச்ச கதவைச் சுரண்டிப் பாக்கற. உள்ள பர்மா தேக்கு கீது. விக்கறவன்கிட்ட சொல்லுவியா நீ? 'ஐய, மா மரம், உளுத்துப் போச்சு'ன்னுதான சொல்லுவ? பதினெட்டு வருஷமா அடுப்பாண்ட நின்னு கேட்டுக்கினுதான கீறேன்."

இருந்தாலும் கேட்டேன். நானே கேட்டேன்.

"வரலட்சுமி... ரெண்டே ரெண்டு குஞ்சு மட்டும்..."

"வேம்புலி, இந்த ஆள் பேர் இன்னா?"

"நேத்து வரைக்கும் தசரதன் அண்ணி."

ராகவனுக்கு இரண்டு ஜோடி போயிற்று. அவரிடம் அவள் ஒரு பைசாகூடக் குறைக்கவில்லை. மீதி ஐந்து வளர்ந்து, சின்னச் சின்ன மேகம் மாதிரி பின்பக்கத்தில் உருளுகின்றன. முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். "ஓனர் அம்மா இருக்காங்களா?" என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். கையில் விளக்குமாற்றோடு நிற்கிறவனிடம் வேறு எப்படிக் கேட்பார்கள்?

ஆகவே, பேர் வைத்த ஆளே! இனியும் நீ ஒளிந்துகொண்டிருக்கக் கூடாது. எங்கே இருந்தாலும் கிளம்பி மாங்காட்டுக்கு வா. என் சம்சாரத்தின் முன்னால் நின்று, சாம்பலைப் பார்த்து லாவெண்டர் என்று சொன்னது என் தப்புத்தான் என்று ஒப்புக்கொள். அந்தப் பேரை மாற்று. என் இடத்தை எனக்கு வாங்கிக் கொடு. பேரம் பேசாமல் வா, அவளிடம் அது பலிக்காது. வரும்போது பூந்தமல்லியில் இறங்கி அஞ்சு கிலோ குஞ்சுத் தீவனம் வாங்கிக்கொண்டு வந்துவிடு. என்னைத்தான் அனுப்பினாள். நான் போகாமல் இதை எழுதிக்கொண்டிருப்பது அவளுக்கு இன்னும் தெரியாது.