சாகாவரம் பெற்ற சுத்தியல்

கடைவீதியில் நீங்கள் அடிக்கடி இடித்துக்கொள்ளும் ஓர் இனம் உண்டு. நீடித்து உழைக்கும் பொருளைத் தேடுகிறவர்கள். உங்களுக்கும் எனக்கும் சுத்தியல் என்றால் அடிப்பதற்கு ஒன்று. அவர்களுக்கோ அது பேரன் பெயரில் எழுதிவைக்க வேண்டிய சொத்து.

எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் ஒருவரையே எடுத்துக்கொள்ளுங்கள். எதை வாங்கினாலும் எத்தனை வருஷம் வரும் என்று கேட்பதால் அவருக்குக் கியாரண்டி என்றே பெயர் விழுந்துவிட்டது. சோப்பு வாங்கும்போதுகூடக் கேட்டிருக்கிறார்.

அன்று அவருக்கு இருந்தது ஒரே வேலை. அக்காவின் தையற்கடையில் சுவரைக் கொத்தி, சுவிட்ச் பாக்ஸ் பதித்து, புது மோட்டார் மெஷினுக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். பள்ளிச் சீருடைத் துணி அங்கே மலையாகக் குவிந்து கிடந்தது. மறுநாள் காலைக்குள் அது சட்டைகளாகாவிட்டால் அடுத்த வருஷம் அந்தப் பள்ளிக்கூடம் அக்கா கடைப் பக்கமே திரும்பாது. "இதோ வந்துட்டேன்க்கா, ஒரு சுத்தியல் மட்டும் வாங்கிட்டு" என்று போனில் சொல்லிவிட்டுக் கியாரண்டி ஹார்டுவேர் கடைக்குள் நுழைந்தார்.

நுழைந்தால் சும்மா வாங்கிவிடுவாரா? ஒவ்வொரு சுத்தியலாக எடுத்து, தலையை ஆட்டி, பிடியை முறுக்கி, ஒற்றை விரலில் நிறுத்தி, காதருகே வைத்துச் சுண்டிக் கேட்டு, கடைசியில் கண்ணை மூடி முகர்ந்தும் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக் கீழே வைத்தார். முகர்ந்தது எதற்கு? அவருக்கே தெரியாது.

மரப்பிடி வெயிலில் சுருங்கும், தலை கழன்று பறக்கும் என்றார். இரும்புப்பிடியா? சுவருக்குள் ஓடும் ஒயரில் பட்டால் சுத்தியல் இருக்கும், நான் இருக்கமாட்டேன் என்றார். ரப்பர் உறை வியர்வையில் ஊறிக் கழன்றுவிடுமாம். கடைக்காரர் பெருமூச்சோடு ஃபைபர் பிடி போட்ட ஒன்றை எடுத்து வைத்தார். கரண்ட் பாயாது, சுருங்காது, கை அதிராது. எவ்வளவு புரட்டியும் குறை அகப்படவில்லை. கியாரண்டிக்கு அதுவே சந்தேகமாக இருந்தது.

"இது எத்தனை வருஷம் வரும்ணே?"

"நீங்க இருக்கிற வரைக்கும் வரும்."

"அதுக்கப்புறம்?"

கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் கியாரண்டியின் போன் அடித்தது. சுத்தியல் வாங்குகிறாயா, இல்லை பட்டறை போட்டுச் செய்கிறாயா என்று அக்கா கேட்டுவிட்டு வைத்தார்.

அவசரம் புரிந்த கியாரண்டி, எடையை ஒப்பிட்டுப் பார்க்கத் தன் பையிலிருந்து பழைய சுத்தியலை எடுத்தார். மரப்பிடி. இன்சுலேஷன் டேப் சுற்றி, கைபட்டுக் கைபட்டு வழவழவென்று இருந்தது. கடைக்காரர் வாங்கி ஆட்டிப் பார்த்தார். அது கல்லுக்குண்டு போல உறுதியாக இருந்தது.

"இதுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அதாண்ணே பயமா இருக்கு. இவ்வளவு நாள் உழைச்சிடுச்சு. இனிமே எப்ப வேணும்னாலும் காலை வாரிடும்."

கடைக்காரர் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

அப்போதுதான் கழுத்தில் அளவு நாடாவோடு அக்காவே வந்து நின்றார். மேஜைமேல் பரப்பிக் கிடந்த சுத்தியல்களை ஒருமுறை பார்த்தார். தம்பியையும் பார்த்தார். பழைய சுத்தியலைக் கையில் எடுத்தார்.

"இது அடிக்குமா?"

"அடிக்கும்க்கா, ஆனா..."

"அப்ப வா."

அக்கா நடந்துவிட்டார். கியாரண்டி அந்த ஃபைபர் பிடிச் சுத்தியலுக்கு அவசரமாகப் பணத்தை நீட்டி, அதைப் பாலித்தீன் உறையோடு பையில் திணித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

மதியத்துக்குள் சுவர் கொத்தியாயிற்று, பாக்ஸ் பதித்தாயிற்று, மெஷின் உறுமத் தொடங்கிவிட்டது. மாலைக்குள் சட்டைகள் வரிசையாக முளைத்தன. எல்லாம் பழைய சுத்தியலின் உபயம்.

"ஏன்டா, புதுசை வெளியிலயே எடுக்கல?" என்று கேட்டார் அக்கா, ஊசியில் நூலைக் கோத்தபடி.

"சுவத்துல அடிச்சா தேஞ்சிடும்க்கா."

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. கியாரண்டி இருக்கிற வரைக்கும் அந்தச் சுத்தியல் வரும். அதற்கப்புறமும் வரும்.

சிரித்து முடித்துவிட்டீர்களா? இப்போது உங்கள் வீட்டு டிவி ரிமோட்டை எடுங்கள். வாங்கிய அன்று அதன்மேல் இருந்த பாலித்தீன் உறை இன்னும் இருக்கிறதுதானே? கழற்றப் போகிறீர்களா? பார்த்து, மெதுவாக. உறை கிழிந்துவிடப் போகிறது.