மூலைகளின் அழகியல்

ஜாவாத் தீவின் வொனொசோபோ நில அளவை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக எல்லைக்கல் பார்க்கும் தர்முஜி, இனி உலகத்தைத் தனியாகச் சுற்றுவது என்று முடிவு செய்தார். தனியாக என்றால் மனைவி வினார்சி இல்லாமல் என்று அர்த்தமில்லை. அவள் கூடவே வருவாள். குடை பிடிப்பாள், கேமரா முக்காலியைச் சுமப்பாள், பேருந்துக்காரனிடம் வழி கேட்பாள், சோயாவில் செய்து பொரித்த தெம்பேயைத் தூக்கில் கொண்டுவருவாள். இருந்தாலும் அவர் தனியாகத்தான் போனார். இது தத்துவம் சம்பந்தப்பட்ட விஷயம். தலைகளை எண்ணிப் பார்த்து முடிவு கட்டக் கூடாது.

தத்துவத்தைப் பரப்ப ஒரு வலைப்பதிவும் வைத்திருந்தார். பெயர் 'ஒற்றைத் தடம்'. எரிமலை, ஏரி, தேயிலைச் சரிவு, மூடுபனி எல்லாம் அதில் உண்டு. மனிதர் கிடையாது. மனிதர் என்றால் முக்கியமாக வினார்சி.

“கொஞ்சம் தள்ளு.”

“எவ்வளவு மாஸ்?”

“படத்துல தெரியாத அளவுக்கு.”

“போன தடவை தள்ளித் தள்ளி சேத்துல விழுந்தேன்.”

“ஆமா. அந்தப் படம் நல்லா வந்துச்சு.”

மாஸ் என்றால் அண்ணன். ஜாவாவில் கணவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதில் குழப்பம் ஒன்றுமில்லை. மரியாதையும் ரொம்ப இல்லை.

வினார்சி தள்ளிப் போவாள். நிதானமாக, ஒரு கால் வெறுங்காலாகப் புல்லில் பட, நொண்டினாற்போலப் போவாள். ஏன் நொண்டுகிறாள் என்று அவர் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அவர் கண் எப்போதும் தொடுவானத்தில் இருந்தது. தொழில் பழக்கம்.

கிட்டப் பார்வையோ போயே போய்விட்டது. வெள்ளெழுத்து. ஆனால் கண்ணாடி போட மாட்டேன் என்று பிடிவாதம்.

“எனக்கெதுக்குக் கண்ணாடி? சிந்தோரோ மலை உச்சியில ஆடு மேயறது தெரியுது.”

“ஆடு தெரியுது. தட்டுல கிடக்கற மிளகா தெரியலியே. நேத்து கடிச்சுட்டு அழுதது யாரு?”

“அது உணர்ச்சிவசப்பட்டது.”

ஆரம்பத்தில் 'ஒற்றைத் தட'த்துக்கு மூன்று வாசகர்கள். வீட்டிலிருந்து தர்முஜி, அலுவலகத்திலிருந்து தர்முஜி, கணினி பழுது பார்க்க வந்தபோது தெரியாமல் திறந்துவிட்ட ஒருவர். பிறகு, இரண்டு வருடத்துக்கு முன்னால், என்ன காரணத்தாலோ கூட்டம் குவிந்தது. மக்காஸர், மேடான், சுரபாயா என்று நாடெங்குமிருந்து பதிவர்கள் வந்தார்கள். அவர்கள் எழுதிய பின்னூட்டங்களை, எழுத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிப் படித்தார்.

“இன்று இடது மூலை. அபாரம்.”

“வலது ஓரம், பாறைக்குப் பக்கத்தில். மனம் நிறைந்தது.”

மலையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மூலையைத்தான் பேசினார்கள். தர்முஜிக்கு ஒன்று புரிந்தது: இந்த நாட்டில் படத்தின் கட்டமைப்பை ரசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உடனே 'மூலைகளின் அழகியல்' என்று பதினோரு பகுதிகளில் ஒரு கட்டுரைத் தொடர் எழுதினார். அதற்கு ஒரே ஒரு பின்னூட்டம் வந்தது. “படம் இல்லையா?”

இந்த நிலையில்தான் மக்காஸரிலிருந்து ரொஸ்மாலா என்ற பதிவர் கடிதம் எழுதினாள். இணையத்தில் பழகியவர்கள் நேரில் கூடிக் காப்பி குடிப்பது அந்த நாட்டுப் பதிவர்களிடையே ஒரு சடங்கு. இருபத்துமூன்று பேர் வருகிறோம், வரும் சனிக்கிழமை மெஞ்சர் ஏரிக்கரையில் சந்திப்போம் என்றிருந்தது.

தர்முஜிக்கு ஒரே சமயத்தில் பெருமையும் பயமும். தனியாக அலைகிற ஞானி என்று நாடே நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த ஞானிக்குப் பக்கத்தில் தூக்கும் குடையுமாக மனைவி நின்றால் இத்தனை வருடத் தவமும் போச்சு. முதல் வேலையாக மூன்று மீட்டர் நீளத்தில் ஒரு பேனர் அடித்தார். 'தனிப்பயணி தர்முஜி அவர்களை வரவேற்கிறோம்.' வரவேற்பது யார் என்று போடவில்லை. அவரேதான்.

இரண்டாவது வேலை வினார்சி.

“உன் தங்கச்சியைப் பாத்து ரொம்ப நாளாச்சு இல்ல? தெமாங்குங் போயிட்டு வாயேன். வியாழக்கிழமை போய் ஞாயித்துக்கிழமை வந்தாப் போதும்.”

“சரி மாஸ்.”

“டிக்கெட்கூட வாங்கிட்டேன்.”

“நல்லது மாஸ்.”

பதினெட்டு வருடக் குடித்தனத்தில் வினார்சி அடுத்தடுத்து இரண்டு முறை ஒத்துக்கொண்டது அதுவே முதல் தடவை. ஒரு நில அளவைக்காரர் அந்த இடத்தில் ஒரு கல் நட்டிருக்க வேண்டும். அவரோ விசிலடித்துக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போடப் போனார்.

சனிக்கிழமை காலை இருபத்துமூன்று பேரும் பேருந்திலிருந்து இறங்கினார்கள். கை குலுக்கினார்கள். குலுக்கும்போதே அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

“அக்கா எங்க ஐயா?” என்றாள் ரொஸ்மாலா.

“எந்த அக்கா? நான் தனியாத்தான் சுத்தறது. பதிவுல படிச்சிருப்பீங்களே.”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“இவ்வளவு தமாஷா பேசறீங்க. எழுத்துல வரவே மாட்டேங்குதே.”

அப்போது ஒரு வேன் வந்து நின்றது. பொரித்த தெம்பே மணம் முதலில் இறங்கியது. பின்னால் நான்கு அண்டாக்களும் ஒரு தங்கையும். கடைசியாகப் புதுப் பாத்திக் சாயத்துணி உடையில் வினார்சி, காலில் சிவப்பு ரப்பர்ச் செருப்போடு.

கூட்டம் தர்முஜியை அப்படியே விட்டுவிட்டு ஓடியது. மேடான்காரர் ஒருவர் குனிந்து செருப்பையே படமெடுத்தார். நான்கு பேர் சேர்ந்து ஆறு மீட்டர் பேனரை விரித்தார்கள். தூரத்து எழுத்தாகையால் தர்முஜிக்குத் துல்லியமாகத் தெரிந்தது. 'சிவப்புச் செருப்பு ரசிகர் மன்றம்.'

“என்னம்மா இது?” என்றார் ரொஸ்மாலாவிடம்.

ரொஸ்மாலா அவரைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு தன் படிக்கும் கண்ணாடியைக் கழற்றி அவர் மூக்கில் மாட்டிவிட்டு, மடிக்கணினியைத் திறந்தாள்.

முதலில் எரிமலை. இடது மூலையில், புகைக்குக் கீழே, ஒற்றைச் சிவப்புச் செருப்பு. அடுத்தது ஏரி. வலது ஓரம், பாறைக்குப் பக்கத்தில், செருப்பு. கோயில் படிக்கட்டில் செருப்பு. இரண்டு வருடம், நூற்றுப் பதினாறு படங்கள். அவர் மூடுபனி என்று ஆறு பத்தி உருகியிருந்த படத்தில் வேறெதுவுமே தெரியவில்லை. செருப்பு மட்டும் பளிச்சென்று இருந்தது.

“இதைக் கண்டுபிடிக்கத்தான் ஐயா நாங்க வர்றதே. ஆபீஸ்ல போட்டி வெப்போம்.”

“வினார்சிக்கு உங்களை எப்படித் தெரியும்?”

“மார்ச் மாசம் ஒரு படத்துல செருப்பு கவுந்து கிடந்துச்சு. அடியில போன் நம்பர் எழுதியிருந்துச்சு. பேசினோம். இந்தத் தேதியே அக்கா குறிச்சதுதான். தங்கச்சி வீட்டுல உக்காந்து சமைக்க ரெண்டு நாள் வேணும்னாங்க. டிக்கெட்டை நீங்களே வாங்கிக் குடுத்துடுவீங்கன்னும் சொன்னாங்க.”

தர்முஜி மனைவியிடம் போனார். கண்ணாடி வழியாக அவள் முகம் ரொம்பக் கிட்டத்தில், ரொம்பத் தெளிவாக இருந்தது. சிரிப்பை அடக்குகிற முகம்.

“ஏன் இப்படிப் பண்ணினே?”

“நீங்க என்னைத்தான தள்ளச் சொன்னீங்க மாஸ். செருப்பைச் சொல்லலியே.”

சாப்பாடு முடிந்து குழுப்படம். நடுவில் வினார்சி, இரண்டு பக்கமும் ரசிகர்கள், பின்னால் ஆறு மீட்டர் பேனர். தர்முஜியும் ஓரமாகப் போய் நின்றார். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“மாஸ், கொஞ்சம் தள்ளுங்க,” என்றாள் வினார்சி. “பேனர் மறையுது.”

“எவ்வளவு?”

“கேமரா வரைக்கும்.”

தர்முஜி தள்ளிப் போனார். முக்காலியை நட்டார். குவியம் பார்த்தார். பிறகு ஒரு யோசனை வந்து, மெருகேற்றிய தன் கறுப்புத் தோல் ஷூவில் இடது காலுடையதைக் கழற்றி, நொண்டிப் போய், வலது மூலைப் புல்லில் நன்றாகத் தெரியும்படி வைத்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை படத்தைப் பதிவில் ஏற்றினார். மதியத்துக்குள் நூற்று நாற்பது பின்னூட்டங்கள். ரொஸ்மாலா விட்டுப்போன கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினார். அக்காவின் சிரிப்பு, அக்காவின் தெம்பே, அக்காவின் செருப்பு. கடைசிக்கு முந்தியதில் ஒருவர் எழுதியிருந்தார்:

“அருமையான படம். வலது மூலையில் கிடக்கும் குப்பையை மட்டும் வெட்டியிருக்கலாம்.”